தோளில் பட்டதாகச் சொன்ன பந்து

வெஸ்டர்மூர்,
நவம்பர், திங்கட்கிழமை

அன்பு மகள் நேலேவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் நலம். அங்கே ஹங்கேரியில் நீ நலமா என்று கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பதிலை இனிமேல் அப்படியே நம்புவதாக இல்லை. அதனால்தான் போனைத் தள்ளி வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன்.

எழுத்து இவ்வளவு பெரிதாக இருக்கிறதே, அப்பாவுக்குக் கண் போய்விட்டதா என்று சிரிக்காதே. திரையைப் பார்த்தால் கண் கூசுகிறது என்று போன மாதம் வாய்தவறிச் சொன்னாய். உடனே பேச்சை மாற்றி, அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டாய். கொஞ்ச நேரம் கழித்து அதே கேள்வியை மறுபடியும் கேட்டாய். அம்மா இரண்டு முறையும் பொறுமையாகப் பதில் சொன்னாள். போனை வைத்த பிறகு, "பிள்ளைக்கு என் மேல எவ்வளவு அக்கறை, பாத்தியா டீர்க்?" என்று என்னிடம் பெருமைப்பட்டுக்கொண்டாள். நானும் தலையாட்டினேன்.

முழங்கால் பரவாயில்லை. மாடிப்படி ஏறும்போது மட்டும் முனகுகிறாள். முதல் உறைபனி விழுந்துவிட்டது. ஊரில் எல்லாரும் வீட்டைச் சூடாக்கும் பாய்லரை ஒரே நாளில் போட்டுவிட்டு, புகைபோக்கியைப் பார்க்க ஒரே நாளில் எனக்குப் போன் செய்கிறார்கள். வேலைக்குக் குறைவில்லை. இன்று காலை ரொட்டிக் கடை வாசலில் ஒரு பெண் ஓடிவந்து, "டிரைவிங் டெஸ்ட்டுக்குப் போறேன், கொஞ்சம் தொட்டுக்கிறேன்" என்று என் கறுப்புக் கோட்டின் பொன் பொத்தானைத் தொட்டுவிட்டுப் போனாள். எப்போதும் நானும் ஏதாவது கிண்டலாகச் சொல்லி அனுப்புவேன். இன்று ரொட்டியை வாங்கிக்கொண்டு நடந்தேன். புகைபோக்கி துடைக்கிறவனைத் தொட்டால் ஊருக்கெல்லாம் அதிர்ஷ்டமாம். எனக்கு வேண்டும் என்றால் நான் யாரைப் போய்த் தொடுவது?

எனக்குப் பயமாக இருக்கிறது, நேலே. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அக்டோபரில் உன் அணி ஆடிய அந்த ஹேண்ட்பால் ஆட்டத்தை நாங்கள் இருவரும் கணினியில் பார்த்துக்கொண்டிருந்தோம். எதிரணிப் பெண் ஓரத்திலிருந்து தாவிப் பந்தை எறிந்தாள். கோலில் நின்ற நீ விழுந்தாய். அவள் கையை உயர்த்தி மன்னிப்புக் கேட்டாள். நீ எழுந்து அவள் கையோடு கை தட்டிவிட்டு, நடுவர் பக்கம் திரும்பி உன் இடது தோளைத் தொட்டுக் காட்டினாய். "அப்பாடா, தோள்லதான் பட்டிருக்கு" என்று அம்மா பெருமூச்சு விட்டாள். எனக்கும் உயிர் வந்தது. பிறகு நீ பிடித்த பந்துகளைப் பார்த்துக் கைதட்டினோம்.

மறுநாளிலிருந்து உனக்குத் தலைவலி. காலையில் எழுந்தால் குமட்டல். குளித்துவிட்டு வந்தால் தலை சுற்றல். நீ இதைச் சொன்ன மாத்திரத்தில் என் புத்தி எங்கே போனது என்று உனக்குத் தெரியும். தலைவலி, குமட்டல் என்று யார் சொன்னாலும் என் மூக்கு நேராகக் குளியலறை கீசர் பக்கம்தான் போகும். புகை சரியாக வெளியேறாத கீசர் அப்படித்தான் செய்யும், அதைப் பார்ப்பது என் தொழில். "வீட்டுல கேஸ் கீசர் பழசா? ஜன்னல் திறக்குமா?" என்று கேட்டேன். நீ ஒரு விநாடி யோசித்தாய். பிறகு, "ஆமாப்பா, கீசராத்தான் இருக்கும். குளிச்சாதான் ரொம்ப சுத்துது" என்றாய்.

அந்த ஒரு விநாடி இப்போதுதான் எனக்குக் கேட்கிறது.

நச்சுக் காற்றைக் கண்டால் கத்தும் கருவி ஒன்றை வாங்கி அன்றே அனுப்பினேன். அது சைபர் காட்டியது. ஜன்னலை மூடி வைத்துப் பார்க்கச் சொன்னேன். சைபர். கருவிதான் கெட்டது என்று இன்னொன்று அனுப்பினேன். உன் வாடகை வீட்டு உரிமையாளரைக் கூப்பிட்டு, அவருக்குப் புரியாத மொழியில் நான் சத்தம் போட, எனக்குப் புரியாத மொழியில் அவர் சத்தம் போட்டார். பாவம், அவர் கீசரையே மாற்றிவிட்டார். அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "அங்க எல்லா கீசரும் நல்லாத்தான் இருக்கு. உன் மண்டையிலதான் கரி அடைச்சிருக்கு, அதைப் போய்த் துடை" என்று ஏசினாள். நான் கேட்கவில்லை. உங்கள் கிளப் டாக்டரையும் போனில் பிடித்தேன். நல்ல மனிதர், ஜெர்மன் பேசினார். பந்து பட்டதை அவர் ஆட்டத்தின் வீடியோவில் பார்த்துச் சந்தேகப்பட்டு, மறுநாளே உனக்குத் தலைச் சோதனை செய்தாராம். "கோடைக்காலத்துல எடுத்த சோதனையோட வெச்சுப் பாத்தோம். ஒரு வித்தியாசமும் இல்ல. நீங்க நிம்மதியா இருங்க" என்றார். நிம்மதியாக இருந்து, மறுபடியும் கீசரைப் பற்றி யோசித்தேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, நம் அரங்கில் நம் ஊர் கிளப்பின் மூன்றாம் அணியின் ஆட்டம். நான் வழக்கம்போல நேரக்காப்பாளர் மேசையில். அம்மா சாலட்டும் சாஸேஜும் விற்றுக்கொண்டிருந்தாள். ஆட்டம் முடிந்ததும் இன்கென் வந்தாள். அம்மாவின் உருளைக்கிழங்கு சாலட்டை வேண்டாம் என்று சொன்னாள். சிறுவயதிலிருந்து உன்னோடு ஆடிய நாட்களில் உன் தட்டிலிருந்தும் பிடுங்கித் தின்றவள் அவள். அப்போதே எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. என்னைப் பந்து வைக்கும் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். "டீர்க், நான் சொன்னேன்னு தெரிஞ்சா நேலே என் மூஞ்சியில முழிக்க மாட்டா. ஆனா சொல்லாம இருந்தா எனக்கே என் மூஞ்சியப் பாக்கப் பிடிக்கல" என்றாள்.

கீசர் கதையை நீ அவளிடம் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறாய். அதையும் சொன்னாள். அந்த இடத்தில் எனக்கு வலித்தது, மகளே. முப்பது வருடமாக நான் செய்யும் வேலை, அதில் எனக்கிருக்கும் பயம், அதையே எடுத்து என் கண்ணைக் கட்டினாய்.

அதைவிடப் பெரிய விஷயம் பிறகு வந்தது. அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். "சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தியையும் கணினி முன்னாடி உக்கார வெப்பாங்க. வரிசையா வார்த்தை வரும், ஞாபகம் வெச்சுச் சொல்லணும். ஒத்தக் கால்ல நிக்கணும். நல்லா இருக்கும்போது உன் மூளை என்ன வேகம்னு எழுதி வெச்சுக்குவாங்க. தலையில அடிபட்டா மறுபடியும் எடுத்து, அதோட ஒப்பிட்டுப் பாப்பாங்க. நேலே கோடையில வேணும்னே மந்தமா பண்ணிட்டா. தெரிஞ்ச வார்த்தையைத் தெரியலன்னா. நல்லா நிக்கத் தெரிஞ்சவ தடுமாறி விழுந்தா. அப்புறம் அடிபட்டாலும் வித்தியாசம் தெரியாதில்ல? நிறையப் பேர் பண்றதுதான் டீர்க். என்கிட்டயும் ஜோக்காத்தான் சொன்னா. நானும் சிரிச்சேன்."

அப்போதுதான் எனக்குக் காலுக்குக் கீழே தரை ஆடியது. கூரை மேல் நடக்கிற தொழிலில் ஒரு நாளும் எனக்கு அப்படி ஆனதில்லை. டாக்டர் சொன்ன "ஒரு வித்தியாசமும் இல்ல" என்பதன் அர்த்தம் அங்கே புரிந்தது. அடிபட்ட உன் மூளை, கோடையில் நீ வேண்டுமென்றே மந்தமாகக் காட்டிய மூளையைப் போலவே வேலை செய்திருக்கிறது. அவ்வளவுதான் அதற்கு அர்த்தம்.

அவள் அதோடு நிறுத்தவில்லை. போன வாரம் பயிற்சியில் உனக்கு மறுபடியும் தலையில் பந்து பட்டதாம். யாரிடமும் சொல்லவில்லையாம். "எந்த ஊர்ல நிக்கறேன்னே ஒரு நிமிஷம் தெரியலடி, நம்ம வெஸ்டர்மூர் அரங்குன்னு நெனச்சு, நேரக்காப்பாளர் மேசையில அப்பா இருக்காரான்னு பாத்தேன்" என்று அவளிடம் சொல்லியிருக்கிறாய்.

நான் அங்கே இல்லை, நேலே. நீ தேடினாய், நான் அங்கே இல்லை.

நேற்று அரங்கிலிருந்து வந்ததும் உனக்குப் போன் செய்தேன். நினைவிருக்கிறதா? கேட்டுவிட வேண்டும் என்றுதான் செய்தேன். "ஒண்ணும் இல்லப்பா, சூப்பரா இருக்கேன்" என்று நீ சொன்னதும் கேட்க வந்ததைக் கேட்கவில்லை. சாலட் நன்றாக விற்றது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். உன் குரல் அவ்வளவு தெம்பாக இருந்தது. பிறகு அக்டோபர் ஆட்டத்தை எடுத்து மறுபடியும் மறுபடியும் பார்த்தேன். பந்து உன் தோள் பக்கமே போகவில்லை. நெற்றியில் படுகிறது. தலை பின்னால் போய் வருகிறது. எழும்போது நீ முதலில் பார்ப்பது எறிந்தவளையும் அல்ல, நடுவரையும் அல்ல, எங்கேயோ பார்க்கிறாய். அதற்குப் பிறகுதான் கை தோளுக்குப் போகிறது. அம்மா பக்கத்திலிருந்து எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நான் தொழிலுக்கு வந்த புதிதில் கால்வாய்க் கரையில் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். நாங்கள் போகும்போது தீயணைப்புக்காரர்கள் வந்து ஜன்னல்களைத் திறந்துவிட்டிருந்தார்கள். கணவனும் மனைவியும் சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். பல நாட்களாகத் தலைவலி என்று மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தார்களாம். சளிக்காய்ச்சல் என்று நினைத்தார்களாம். அவர்கள் கன்னங்கள் ரோஜா நிறத்தில் இருந்தன. அந்தக் காற்று அப்படித்தான் செய்யும், சாகிறவர்களின் முகத்தைச் சிவக்க வைத்துவிடும். இப்போதுதான் ஏரிக்கரையில் உலாவிவிட்டு வந்து உட்கார்ந்தவர்கள் போல அவ்வளவு ஆரோக்கியமாகத் தெரிந்தார்கள். நீ சூப்பரா இருக்கேன் என்று சொன்னபோது எனக்கு அந்த மேசைதான் கண் முன்னே வந்தது. அப்பன் மகளுக்கு எழுதக்கூடாத வரி இது. இருந்தும் எழுதுகிறேன். நீயும் கொஞ்சம் பயப்பட வேண்டும்.

உன் பயமின்மையை வளர்த்ததில் எனக்கும் பங்கு உண்டு. குழந்தைகள் அணியில் கோலில் நிற்க யாரும் வராதபோது நீ கையைத் தூக்கினாய். பயிற்சியாளர் மிருதுவான பந்தை முகத்துக்கு நேரே எறிந்து பழக்குவார். மற்றப் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொள்வார்கள். நீ மூட மாட்டாய். "என் பொண்ணு கண்ணச் சிமிட்டமாட்டா" என்று கூரைக்குக் கூரை சொல்லித் திரிந்தேன். பிறகு பெரிய கிளப், முதல் டிவிஷன். முழங்கால் தசைநார் அறுந்து ஒரு சீசன் முழுக்கப் போனது. அம்மாவின் காலும் உன் காலும் ஒரே சோபாவில் நீட்டியிருந்தது அந்தக் குளிர்காலத்தில்தான். நீ திரும்பி வரமாட்டாய் என்று எல்லாரும் சொன்னார்கள். வந்தாய். தேசிய அணிக்கும் போனாய். மூன்றாவது கோல்கீப்பராக, பெஞ்சுக்கும் பின்னால் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து, வியர்க்காத சட்டையோடு ஊர் திரும்பினாய். அதைப் பற்றி ஒருநாளும் நீ புலம்பியதில்லை. அலமாரியில் அந்தச் சட்டைகளை அம்மா இன்னும் மடிப்புக் கலையாமல் வைத்திருக்கிறாள்.

அதனால் வரும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் உனக்கு எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. தேசியப் பயிற்சியாளர் உன்னைப் பார்க்கவே ஹங்கேரிக்கு வருகிறார். நன்றாக ஆடினால் டிசம்பர் போட்டிக்கு முதல் கோல்கீப்பர் நீதான். இருபத்தொன்பது வயதில் இன்னொரு முறை இது கதவைத் தட்டுமா? தட்டாமலும் போகலாம். பொய்யாக உன்னைச் சமாதானப்படுத்த எனக்கு வராது.

ஆனால் மூன்றாவது முறை பட்டால் என்ன ஆகும் என்று இன்கெனிடம் கேட்டேன். அவள் தரையில் கிடந்த பந்துகளைப் பொறுக்கிக் கூடையில் போட ஆரம்பித்தாள்.

போன வாரம் ரயிலடித் தெருவில் நச்சுக் காற்று கசிந்த ஒரு பாய்லரை நிறுத்தி முத்திரை வைத்தேன். வெளியே நல்ல குளிர். வீட்டில் கைக்குழந்தை. "இந்தக் குளிர்ல நிறுத்துறீங்களே, நீங்கல்லாம் மனுசனா?" என்று அந்த வீட்டுப் பெண் அழுதாள். என் வண்டியிலிருந்து மின்சார ஹீட்டரை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். முத்திரையை எடுக்கவில்லை. இந்த வட்டாரத்தில் எந்த வீட்டு நெருப்பையும் நிறுத்த எனக்கு அதிகாரம் இருக்கிறது. உன் விஷயத்தில் இல்லை. நீ வளர்ந்த பெண், உன் தலை உன்னுடையது.

உங்கள் ஆட்டத்தில் எனக்கு எப்போதும் பிடித்தது ஒன்று உண்டு. மேசையில் உட்கார்ந்து எத்தனையோ வருடம் பார்த்திருக்கிறேன். வெளியே வருவதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. நடுவர் விசில் ஊத வேண்டாம், பலகையைத் தூக்கிக் காட்ட வேண்டாம், ஆட்டம் நிற்கவும் வேண்டாம். பெஞ்சு முன்னால் இருக்கும் அந்தக் கோட்டைத் தாண்டினால் போதும், அடுத்தவள் உள்ளே ஓடிவிடுவாள். கோழை என்று யாரும் சொல்வதில்லை. ஓர் ஆட்டத்தில் எத்தனை முறை வேண்டுமானாலும் வெளியே வரலாம், திரும்பியும் போகலாம். டாக்டரிடம் நீயே போய்ச் சொன்னால், ஆறிய பிறகு திரும்பிப் போகலாம், கண்ணு. ஆறாமல் போய் நின்றால் திரும்புவது உன் கையில் இல்லை.

இனி நான் செய்யப்போவதைச் சொல்கிறேன். உனக்குத் தெரியாமல் எதையும் செய்யமாட்டேன். முத்திரை வைக்கும்போதும் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் வைப்பேன். வியாழன் காலை வரை உங்களுக்குப் பயிற்சி இல்லை என்று நீயே சொன்னாய். அந்தத் தைரியத்தில்தான் இத்தனை நேரம் பொறுத்தேன். "மூணு நாள் எதுக்கு? இப்பவே டாக்டருக்குப் போனைப் போடு, இல்லன்னா நான் போடறேன்" என்று அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். கெஞ்சிக் கூத்தாடி அவளை நிறுத்தி வைத்திருக்கிறேன். இதைக் கூரியரில் போட்டால் புதன்கிழமை உன் கையில் இருக்கும் என்று கூரியர் கடைப் பெண் சொன்னாள். படித்ததும் டாக்டரிடம் போ. கோடையில் செய்ததைச் சொல். இரண்டு முறை பட்டதையும் சொல். அவர் திட்டினால் வாங்கிக்கொள். புதன் இரவுக்குள் நீ சொல்லவில்லை என்றால், வியாழன் விடிந்ததும் நான் சொல்வேன். எல்லாவற்றையும் சொல்வேன். தேசிய அணிக்கும் அது போய்ச் சேரும் என்று தெரிந்தே சொல்வேன்.

இன்கெனைத் திட்டாதே. பெயரை எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க. அவ திட்டினா வாங்கிக்கறேன், அவ திட்டுறதுக்கு நல்லா இருந்தாப் போதும்" என்றாள்.

நான் சொல்லும்படி ஆகிவிட்டால், நீ என்னோடு பேசமாட்டாய். அம்மாவும் நானும் அதைப் பற்றிப் பேசி முடித்துவிட்டோம். என் வாழ்க்கையைக் கெடுத்தவர் என் அப்பாதான் என்று நீ சொல்வாய். சொல்லலாம். எனக்குச் சம்மதம். என் ஆசீர்வாதமும் அதுதான்: நீ கிழவியாக வேண்டும், நேலே. தலை நரைத்து, பல் விழுந்து, நான் மண்ணுக்குள் போய் வெகுகாலம் ஆன பிறகும், இந்த நவம்பரில் உன் அப்பன் உனக்குச் செய்த துரோகத்தை ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் வைத்து, கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திட்ட வேண்டும்.

இப்படிக்கு,
உன் திட்டுக்காகக் காத்திருக்கும்
அப்பா